மாமாவின் பழைய சீக்கோவும் கடலட்டைப் பண்ணையும்

கிளிநொச்சி மாவட்டத்தின் கிராஞ்சிக் கடலில் கடலட்டைப் பண்ணை வைத்திருக்கும் எனக்கு, வேலைக்குக் கட்டிக்கொண்டு போவதற்கு மாமாவின் பழைய சுழியோடி மணிக்கூட்டைத் திருத்தி எடுப்பதா, புதிதாக ஒன்றை வாங்குவதா என்ற கேள்விக்கு, ஏழு மாதங்களும் 26,580 ரூபாயும் செலவழிந்த பின்னர், சென்ற தை மாதத்தில்தான் விடை கிடைத்தது. பழையது நன்றாக ஓடுகிறது. ஆனால் அதை நான் இனிக் கடலுக்குள் கொண்டுபோக மாட்டேன். இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், செய்த பிழைகளையும் மறைக்காமல் நடந்த ஒழுங்கில் எழுதிவைக்கிறேன்.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, கம்புகளுக்கு இடையே கட்டிய வலையின் அடியைக் கையால் தடவிக் கிழிசல் தேடி, உள்ளே புகுந்த நண்டுகளைப் பிடித்து வெளியே போட்டுவிட்டு, தண்ணீர் பெருகுவதற்கு முன் கரையேற வேண்டும். வற்று ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்துவதால் மணி பார்க்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது. கைபேசியைக் கடலுக்குள் கொண்டுபோகவும் முடியாது. ஆழம் பெரும்பாலும் இடுப்பளவுதான். ஆனால் மணிக்கட்டு ஒரு நாளில் நூறு தடவையாவது உப்புத் தண்ணீருக்குள்ளும் சேற்றுக்குள்ளும் போய் வரும். இடையிடையே அதே மணிக்கட்டு வள்ளத்தின் ஓரத்தில் உச்சி வெயிலில் காயும்.

மாமாவின் மணிக்கூடு சீக்கோ நிறுவனத்தின் 6309-7040 மாதிரி. பின்மூடியில் உள்ள தொடரிலக்கத்தின் முதல் இலக்கம் ஆண்டையும் இரண்டாவது இலக்கம் மாதத்தையும் குறிக்கும். இதில் 3, 8 என்று இருக்கிறது. இந்த மாதிரி 1976 முதல் 1988 வரையே செய்யப்பட்டதால், இது 1983 ஆகஸ்டில் செய்யப்பட்டது என்று ஐயமின்றிச் சொல்லலாம். மாமா சவூதியில் வேலை செய்த காலத்தில், 1984 இல் வாங்கியிருக்கிறார். 150 மீற்றர் என்று முகப்பில் எழுதியிருக்கிறது. கை அசைவில் தானாகச் சுற்றிக்கொள்ளும், 17 கல் பதித்த இயந்திரம். பக்கத்தில் உள்ள சாவியைத் திருகிச் சுற்ற முடியாது, சாவியை இழுத்தாலும் செக்கன் முள் நிற்காது. 2008 இன் பிற்பகுதியில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது மாமி இதைப் பொலித்தீனில் சுற்றி, குத்துவிளக்கோடு சேர்த்து ஒரு பால்மா ரின்னில் போட்டு, மாட்டுக்கொட்டில் மூலையில் புதைத்துவிட்டுப் போனார். 2010 இல் திரும்பி வந்து தோண்டியபோது ரின் இற்றுப்போயிருந்தது. விளக்கும் மணிக்கூடும் கிடைத்தன. இரண்டு மாரி மழைக்கு உவர் மண்ணுக்குள் கிடந்த அந்த இரும்பு, பின்னர் 14 ஆண்டுகள் அலுமாரிக்குள் கிடந்தது.

2024 ஆனியில் வேலையைத் தொடங்கினேன். பின்மூடி அசையவில்லை. மூன்று பல் கொண்ட திறப்பானை 2,200 ரூபாய்க்குக் கொழும்பிலிருந்து எடுத்தேன். மணிக்கூட்டை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு அதைத் திருப்பியதில் பல் வழுக்கி, பின்மூடியில் இருந்த அலைச் சின்னத்தின் குறுக்கே ஒரு கீறல் விழுந்தது. அது இன்றும் அங்கேயே இருக்கிறது. திறப்பானைக் குறை சொல்வதற்கில்லை, கையில் பிடித்ததுதான் பிழை. அடுத்த நாள் ஒரு பனைமரத் துண்டில் மணிக்கூட்டின் வடிவத்துக்கு ஏற்பக் குழி கொத்தி, அதற்குள் அதைப் பதித்து, துண்டை வேலை மேசையோடு கவ்வியால் இறுக்கினேன். பின்மூடி திருகு நூலோடு சேரும் விளிம்பில் ஊடுருவும் எண்ணெய் இரண்டு துளி விட்டு ஓர் இரவு வைத்துவிட்டுத் திருப்பியபோது, காலையில் அரைச் சுற்றிலேயே விட்டுக்கொடுத்தது. இரண்டு மணி நேரம் செலவழித்த அந்தப் பனைக்குழி, பின்னர் ஆறு தடவை திறந்து மூடியபோதெல்லாம் உதவியது. முதலிலேயே அதைச் செய்திருந்தால் அந்தக் கீறல் விழுந்திராது.

தண்ணீர் புகாமல் தடுக்க உள்ளே இருந்த றப்பர் வளையம் கறுத்து, தட்டையாகி, எடுத்து வளைத்ததும் மூன்றாக முறிந்தது. சாவித்தண்டை விடுவிக்கும் புள்ளியை அழுத்தித் தண்டை உருவி, இயந்திரத்தை வெளியே எடுத்து, ஒரு சிறிய மருந்துப் போத்தலில் பஞ்சு வைத்து அடைத்து, கிளிநொச்சி நகரில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருந்து வேலை செய்யும் ஒரு முதிய மணிக்கூடு திருத்துநரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணில் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, மெசினுக்கு ஒண்டுமில்லை. நீங்கள் உடம்பைப் பாருங்கோ" என்றார். அந்த வார்த்தையின் முழுப் பொருளும் எனக்கு ஐந்து மாதம் கழித்துத்தான் விளங்கியது. கழற்றிக் கழுவி எண்ணெய் இட்டுத் தருவதற்கு 4,500 ரூபாய். கீறல் நிறைந்த கண்ணாடியையும் அதன் கீழ் வளையத்தையும் மாற்றி அழுத்தித் தந்ததற்கு 4,200 ரூபாய். அவர் தந்த பின்னர் ஒரு வாரம் காலை 6 மணிக்குக் கைபேசியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். முன்பு ஒரு நாளில் மூன்று நிமிடம் பிந்திய மணிக்கூடு இப்போது நாளுக்கு 9 செக்கன் மட்டும் முந்தியது. நாற்பது வயதான ஓர் இயந்திரம் இப்படி ஓடுவதைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சியில், மற்றதெல்லாம் இலகு என்று நம்பிவிட்டேன்.

மணிக்கூட்டின் உருக்கு உடலைத் துப்புரவாக்குவது என் பங்கு. சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பற்தூரிகையால் தேய்த்து, நூல்களுக்குள் இருந்த பச்சை நிற அழுக்கைத் தென்னை ஈர்க்கைச் சீவிக் கூராக்கிக் கிண்டி எடுத்தேன். இந்த வேலைக்கு ஈர்க்கைப் போன்ற கருவி வேறில்லை. இரும்பைக் கீறாது, முனை மழுங்கினால் மறுபடி சீவிக்கொள்ளலாம். கழிந்த நேரத்தைப் பார்ப்பதற்காகக் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் சுழல் வளையத்தைக் கழற்றியபோது அதன் கீழிருந்து கடுகளவு உருக்குக் குண்டு ஒன்று உருண்டு விழுந்தது. வளையம் 'டிக் டிக்' என்று நின்று நின்று திரும்புவதற்கு அந்தக் குண்டும் அதன் வில்லும்தான் காரணம். வெள்ளைத் துணி விரித்து வேலை செய்ததால் மட்டுமே அதைக் கண்டுபிடித்தேன்.

அழுக்குப் போன பிறகுதான் உண்மையான நிலை தெரிந்தது. பின்மூடியின் றப்பர் வளையம் பதியும் தளத்தில், ஏறக்குறைய ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடைப்பட்ட வளைவில், ஊசி குத்தியது போலச் சிறுசிறு குழிகள். காற்றுப்படாத இடுக்கில் உப்பு ஈரம் நெடுங்காலம் நின்றால் துருப்பிடிக்காத உருக்கும் இப்படித்தான் குழி விழும். இந்த இடத்தில்தான் நான் செய்த மிகப் பெரிய பிழை நடந்தது. குழிகளை மறைக்கலாம் என்று எண்ணி, 1000 இலக்க எமறித் தாளைச் சிறு துண்டாக வெட்டி, விரல் நுனியில் வைத்து அந்த வளைவை மட்டும் தேய்த்தேன். குழிகளின் ஓரம் மழுங்கிப் பார்வைக்கு அழகாக வந்தது. ஆனால் அந்த இடத்தில் தளமே சற்றுப் பதிந்துவிட்டது. வளையம் எல்லா இடத்திலும் ஒரே அளவு நசுங்கினால்தான் தண்ணீர் நிற்கும். நான் தேய்த்த இடத்தில் அது குறைவாக நசுங்கியது. குழியை விட அதைத் தேய்த்ததால் வந்த பள்ளம் மோசமானது என்பதை யாராவது அன்றைக்குச் சொல்லியிருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பேன்.

வளையங்களில் இன்னுமொரு வீண் சுற்று நடந்தது. முறிந்த வளையத்தின் விட்டத்தை அளந்து, தண்ணீர்க் குழாய்ப் பொருட்கள் விற்கும் கடையில் அதே விட்டத்தில் ஒன்றை 80 ரூபாய்க்கு வாங்கிப் போட்டுப் பார்த்தேன். விட்டம் சரி, தடிப்புப் பிழை. பின்மூடி கடைசி அரைச் சுற்றுக்குப் போகவே இல்லை. அதன் பின்னரே இந்த மாதிரிக்கு உரிய வளையத் தொகுதியைத் தபாலில் எடுத்தேன். தபாற் செலவோடு 3,900 ரூபாய். சிலிக்கோன் கிறீஸ் தடவிய பஞ்சு வைத்த சிறு டப்பா 1,400 ரூபாய். வளையத்தைப் பஞ்சுக்கு நடுவே வைத்து ஒரு தடவை மூடித் திறந்தால் போதிய கிறீஸ் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் தேவையில்லை.

மூடிய பின்னர் சோதித்தேன். சுழியோடிகளின் மணிக்கூடுகளுக்கென இருக்கும் ஐஎஸ்ஓ 6425 தரத்தில் ஆவிப் பரிசோதனை ஒன்று உண்டு: மணிக்கூட்டை 40 முதல் 45 பாகை செல்சியஸ் சூடான தட்டில் வைத்து, அது சூடேறிய பின் கண்ணாடியின் மேல் 18 முதல் 25 பாகைத் தண்ணீர் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் துளி நின்ற இடத்தில் கண்ணாடியின் உட்புறம் பனிமூட்டம் போலப் புகார் படியும். இதை வீட்டிலேயே செய்யலாம். தோசைக்கல்லைச் சுடுநீர்ச் சட்டியின் மேல் வைத்து, பண்ணையில் கடல் நீரின் வெப்பம் பார்க்கும் வெப்பமானியால் கல்லின் சூட்டைப் பார்த்துக்கொண்டேன். துளிக்கு மண்பானைத் தண்ணீர் 25 பாகையில் பொருத்தமாக இருந்தது. மணிக்கூட்டை ஓர் இரவு முழுவதும் வாளித் தண்ணீருக்குள் போட்டு வைத்துவிட்டு மறுநாள் சோதித்தபோது புகார் படியவில்லை. புரட்டாசி தொடக்கத்தில் அதைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கினேன்.

பதினொரு நாள் ஒரு குறையும் இல்லை. பன்னிரண்டாம் நாள் கரையேறி வீட்டுக்கு வந்து கையைக் கழுவியபோது நாலு மணிப் பக்கத்தில், அதாவது சாவிக்கு அருகில், மெல்லிய புகார் தெரிந்தது. ஈரக் காற்றில் இரவு நேரம் மூடியதால் உள்ளே அடைபட்ட ஈரமாக இருக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, திறந்து ஒரு நாள் அரிசிப் போத்தலுக்குள் வைத்து, நண்பகல் வெயிலில் மூடி, மறுபடியும் கட்டிக்கொண்டு போனேன். அடைபட்ட ஈரம் என்றால் அது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும், பன்னிரண்டாம் நாள் வராது. இதை யோசிக்காததால் மூன்றே நாளில் செக்கன் முள் நின்றது. திறந்தபோது சாவித்தண்டில் செந்நிறத் துரு.

உப்புத் தண்ணீர் புகுந்தால் அடுத்த சில மணி நேரம்தான் கையிலிருக்கும் நேரம். இயந்திரத்தை உடனே வெளியே எடுத்து, முகப்பையும் முட்களையும் கழற்றி, மின்கலத்துக்கு ஊற்றும் வடித்த நீரில் இரண்டு தடவை அலசி, பின்னர் ஐசோபுறோப்பைல் அற்ககோலில் அலசி, விசிறிக் காற்றில் உலர்த்தி மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே கிளிநொச்சிக்குக் கொண்டுபோனேன். அலசியதால்தான் தப்பியது என்று அவரும் சொன்னார். இரண்டாவது தடவைக்கு 3,500 ரூபாய் மட்டும் வாங்கினார். அன்று வேறு எதுவும் சொல்லவில்லை. வெற்று உடலை என்னிடம் நீட்டி, சாவியைப் பூட்டி, பக்கவாட்டில் விரலால் ஆட்டிக் காட்டினார். அது ஆடியது.

கார்த்திகை மழையில் வேலை நின்றிருந்த நாட்களில் வெற்று உடலை வைத்து ஒழுகும் இடத்தைத் தேடினேன். முறை எளியது. இயந்திரம் இல்லாத உடலை முழுமையாக மூடி, சாவியையும் திருகிப் பூட்டி, 55 பாகைச் சுடுநீருள்ள கண்ணாடிக் கிண்ணத்துக்குள் போட வேண்டும். உள்ளே 30 பாகையில் இருந்த காற்று சூடேறி விரிய முயல்வதால், அதன் அழுத்தம் எட்டு வீதம் அளவில் கூடும். இது ஏறக்குறைய 80 சென்ரிமீற்றர் ஆழத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். வழி இருந்தால் காற்றுக் குமிழ் அந்த இடத்தில் வரும். எனக்கு இரண்டு இடத்தில் வந்தது. பின்மூடியில் நான் எமறித் தாளால் தேய்த்த அதே வளைவில், நீண்ட இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக. சாவியில், அதைப் பக்கவாட்டில் தள்ளும் ஒவ்வொரு தடவையும், தொடர்ச்சியாக. வாளிக்குள் ஓர் இரவு அசையாமல் கிடந்த மணிக்கூட்டில் இது தெரியாமல் போனதற்குக் காரணம் இப்போது விளங்கியது: கடலில் என் புறங்கை மடங்கும்போதெல்லாம் சாவியைத் தள்ளுகிறது.

இன்னொன்றும் விளங்கியது. இடுப்பளவு தண்ணீரில் நிற்பவனுக்கு 150 மீற்றர் மணிக்கூடு எதற்கு என்று கேட்டால், ஆழத்துக்காக அல்ல. வெயிலில் 50 பாகைக்குச் சூடான மணிக்கூடு 30 பாகைக் கடலுக்குள் போகும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, அறுபது சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒப்பான அளவில் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. வன்னி வெயிலில் வேலை செய்யும் ஒரு கையில் இது ஒரு நாளைக்குப் பல தடவை நடக்கும். எத்தனை மீற்றர் என்று எழுதியிருக்கிறது என்பதை விட, இந்த மூச்சு வாங்கலை எத்தனை ஆயிரம் தடவை வளையங்கள் தாங்கும் என்பதே எங்கள் போன்றவர்களுக்கு முக்கியம்.

தபாலில் புதிய சாவியும் தண்டும் 5,600 ரூபாய்க்கு எடுத்தேன், பின்மூடிக்கு 0.1 மில்லிமீற்றர் தடிப்புக் கூடிய வளையம் 1,200 ரூபாய். தடித்த வளையத்தைப் போட்டதும் பின்மூடிக் குமிழ்கள் முற்றாக நின்றன. சாவிக் குமிழ்கள் குறைந்தனவே தவிர நிற்கவில்லை. சாவி பூட்டும் குழாயின் நூல் தேய்ந்து, புதிய சாவியும் ஒன்றரைச் சுற்றுப் பிடித்துவிட்டு வழுக்கியது. அந்தக் குழாய் உடலோடு ஒன்றாகவே இருந்ததால் என்னால் தனியே மாற்ற முடியவில்லை. உடல் முழுவதையும் மாற்றினால் பிரச்சினை தீரும். ஆனால் மாமா 1984 இல் வாங்கியதும் மாமி புதைத்துவைத்ததும் இந்த உடலைத்தான். அதை எறிந்துவிட்டு உள்ளிருக்கும் இயந்திரத்தை மட்டும் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. செய்தவர்களின் தரத்தில் இங்கே குறையில்லை. மண்ணும் என் எமறித் தாளும் செய்த வேலை இது.

எனவே புதியது. முதலில் எண்ணியது சீக்கோ எஸ்கேஎக்ஸ்007. 1996 இல் வந்த மாதிரி, 200 மீற்றர், ஐஎஸ்ஓ 6425 தரம். ஆனால் அதன் உற்பத்தி நின்றுவிட்டதால், இப்போது கிடைப்பவை பெரும்பாலும் யாரோ கட்டிக் கழற்றியவை. முன்னர் யார் திறந்தார்கள், எந்த வளையத்தைப் போட்டார்கள் என்பது தெரியாத 20 வயது மணிக்கூடு, தண்ணீரைப் பொறுத்தவரை பழைய மணிக்கூடுதான். கசியோ எம்டிவி-106 விலையில் மிகக் குறைவு. 200 மீற்றர், திருகிப் பூட்டும் சாவி எல்லாம் உண்டு. அதில் மின்கலம் முடியும்போதெல்லாம் பின்மூடியைத் திறந்து மறுபடி ஒழுங்காக மூட வேண்டும் என்பதுதான் என்னைத் தயங்கவைத்தது. திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் ஆபத்து என்பதை அந்த ஏழு மாதம் எனக்கு நன்றாகக் கற்றுத்தந்திருந்தது. முடிவில் சிற்றிசன் புறோமாஸ்ரர் பிஎன்0150 ஐ, கனடாவிலிருந்து வந்த தம்பி மூலம் 54,000 ரூபாய்க்கு எடுத்தேன். வெளிச்சத்தில் மின்னேறும் இயந்திரம். நிறைய ஏறினால் இருட்டில் ஆறு மாதம் ஓடும். எங்கள் கடற்கரையில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. 200 மீற்றர், சாவி நாலு மணிப் பக்கத்தில்.

அதையும் தோசைக்கல்லில் வைத்துச் சோதித்த பின்னரே கட்டினேன். தை நடுப்பகுதியிலிருந்து ஒவ்வொரு வேலை நாளும் கடலில் இறங்குகிறது. கையில் பெரிய வேறுபாடாகத் தெரிவது சுழல் வளையம். பழையதில் அது இரண்டு பக்கமும் திரும்பும். சேற்றுக் கையால் வலையை இழுக்கும்போது அறியாமலே தள்ளுப்பட்டு, நான் இறங்கி இருபது நிமிடம்தான் என்று காட்டியபோது உண்மையில் நாற்பது நிமிடம் கழிந்திருந்த நாளும் உண்டு. புதியது ஒரு பக்கம் மட்டுமே திரும்பும். தள்ளுப்பட்டாலும் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், அதனால் நான் முந்திக் கரையேறுவேனே தவிரப் பிந்த மாட்டேன். விடியற்காலை நாலரை மணிக்கு வள்ளத்தில் நிற்கும்போதும் புதியதன் முட்கள் தெளிவாக ஒளிர்கின்றன; பழையதன் பூச்சு படலைக்கு வெளியே வந்ததுமே அணைந்துவிடும். சேறு வளையத்தின் கீழ் சேர்வது இரண்டுக்கும் பொது. ஒவ்வொரு நாளும் கிணற்றுத் தண்ணீர் வாளியில் அமிழ்த்தி வளையத்தை மூன்று சுற்றுச் சுற்றினால் போதும். வாருக்குப் பதிலாக 20 மில்லிமீற்றர் நைலோன் பட்டி ஒன்றை 900 ரூபாய்க்கு மாற்றினேன், விரைவில் காய்கிறது.

அழகில் பழையதற்கு அருகில் இது வராது. மெத்தை போல வளைந்த அந்த உருக்கு உடல் மணிக்கட்டில் அமரும் விதத்துக்கு ஈடாக இன்றைய மணிக்கூடு ஒன்றை நான் பார்க்கவில்லை.

மறுபடி ஒரு பழைய சுழியோடி மணிக்கூட்டைக் கையில் எடுத்தால், இயந்திரத்தைப் பார்ப்பதற்கு முன்னரே அதை வெளியே எடுத்துவிட்டு, வெற்று உடலைச் சுடுநீரில் போட்டுக் குமிழ் பார்ப்பேன். சாவியைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்ப்பேன். அரை மணி நேர வேலை, செலவில்லை. குழாய் நூல் போயிருந்தால் புதிய சாவிக்கு 5,600 ரூபாய் கொடுக்க மாட்டேன். வளையம் பதியும் தளத்தில் எமறித் தாளை வைக்கவே மாட்டேன். தேய்வு இல்லாத பழையது ஒன்று அமைந்தால், வளையங்களை ஆண்டுக்கு ஒரு தடவை ஆனியில், காற்று உலர்ந்திருக்கும் நாளில் மாற்றிக்கொண்டு, கடலுக்குக் கொண்டுபோகவும் தயங்க மாட்டேன்.

மாமாவின் மணிக்கூடு இப்போது மாமாவிடமே இருக்கிறது. வயலுக்கும் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கும் கட்டிக்கொண்டு போகிறார். குளிக்கும்போது கழற்றிக் கிணற்றடிக் கப்பில் மாட்டிவிடுகிறார். சனிக்கிழமை காலையில் நான் போய் நேரத்தைச் சரிசெய்து, சாவி அந்த ஒன்றரைச் சுற்றையாவது பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன்.